கேஸ் பொருள்: ஐந்து ரோஜாச் செடிகள்

காலை ஏழே கால். வராந்தாவில் ஐந்து பிணங்கள் கிடந்தன.

பிணம் என்று சொன்னவர் இன்ஸ்பெக்டர். விரித்த செய்தித்தாளின் மேல் யாரோ ஒழுங்காக வரிசைப்படுத்திக் கிடத்தியிருந்த ஐந்து ரோஜாச் செடிகளைத்தான் அப்படிச் சொன்னார். வேர்கள் கறுத்துக் குழகுழவென்று அழுகியிருந்தன. தண்டுகளில் வெள்ளைப் பூஞ்சை. பக்கத்தில் இடுப்புயர அட்டைப்பெட்டி ஒன்று வாய் பிளந்து கிடந்தது. அறுத்துப் போட்ட சணல் கயிறு அதன் காலடியில்.

அவர் ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. ஆனால் தெருவில் எல்லோருக்கும் இன்னும் இன்ஸ்பெக்டர்தான். அவருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. காலை எழுந்ததும் முகச்சவரம் செய்து, சட்டையை உள்ளே செருகி, பீரோ சாவி கோத்த சங்கிலியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வராந்தாவுக்கே வருவார். எங்கே யாராவது குற்றம் செய்துவிட்டு வந்து நின்றால், லுங்கியோடு விசாரிக்க முடியுமா?

அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா?" என்றாள். "பாத்ததும் ஏதாவது தோணுதா?"

"தோணாம என்ன? கூரியர்காரன் கொன்னுட்டான்."

அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்தச் செடிகளுக்கு அவள் பட்ட பாடு இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். மதில் மேல் ஏறிப் படரும் ரகம் வேண்டும் என்று படங்களைப் பார்த்துப் பார்த்து, தொலைவில் மலைப்பக்கம் இருந்த ஒரு நர்சரியில் தபால் மூலம் சொல்லியிருந்தாள். அங்கே செடியை மண்ணோடு அனுப்ப மாட்டார்கள். இலை உதிர்ந்து தூங்குகிற சமயம் பார்த்துப் பிடுங்கி, வேரை ஈரப்பாசியில் சுற்றிப் பெட்டியில் நிறுத்தி அனுப்புவார்கள். பார்த்தால் விறகுக்குச்சி மாதிரி இருக்கும். வந்த அன்றைக்கே வாளித் தண்ணீரில் வேரை ஊறவைத்து நட்டுவிட வேண்டும். ஓரிரு நாள் பொறுக்கும், அதற்கு மேல் பொறுக்காது. முழங்கால் வலியோடு மதிலோரம் ஐந்து குழி தோண்டி, எருவைச் சலித்துப் போட்டு, தினமும் தையல் வகுப்பு எடுத்துவிட்டு வந்ததும் வராததுமாக "பார்சல் வந்துச்சா?" என்று கேட்டவள் அவள். அவளுடைய அடிமடியில் கைவைத்தவனை இன்ஸ்பெக்டர் சும்மா விடுவதாக இல்லை.

கூரியர் ஆபீஸ் திறந்ததும் திறக்காததுமாக இன்ஸ்பெக்டர் போன் போட்டார். மேனேஜர்தான் எடுத்தார்.

"சார், நீங்க நேத்து சொன்ன..." என்று ஆரம்பித்தார்.

"நேத்து, முந்தாநேத்துன்னு எனக்குக் கதை சொல்லாதீங்க," என்று வெட்டினார் இன்ஸ்பெக்டர். பிறகு, தான் பார்த்ததை எல்லாம் சாட்சிக்கூண்டில் நிற்பவர் மாதிரி ஒன்றுவிடாமல் சொன்னார். மேனேஜர் தயங்கித் தயங்கி, அந்தப் பெட்டி போன வாரமே கொடுத்தாகிவிட்டதாகக் கணக்கில் இருக்கிறது என்றார். அப்படியானால் கொடுக்காத பெட்டியைக் கொடுத்ததாகக் காட்டி, எங்கேயோ போட்டு வைத்து, அழுகியதும் வராந்தாவில் வீசிவிட்டுப் போயிருக்கிறான் உங்கள் ஆள் என்று இன்ஸ்பெக்டர் முடித்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குள் மேலிடத்துக்கு முடிவு சொல்ல வேண்டும், சார் இப்படி உறுதியாகச் சொன்னால் அவனை வேலையை விட்டு எடுப்பதைத் தவிர வழியில்லை என்றார் மேனேஜர். எடுங்கள் என்றார் இன்ஸ்பெக்டர்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மனைவி கதவைப் பிடித்தபடி நின்றாள். கண் கலங்கியிருந்தது. செடிகளுக்காக என்று நினைத்து, வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொன்னார்.

பத்து மணிக்கு டெலிவரிக்காரர் வந்தார். நாற்பது வயதிருக்கும். நல்ல உழைப்பாளி என்று உள்ளங்கையே சொன்னது. கேட்டைத் திறந்து, செருப்பை ஓரமாக விட்டு, மூலையில் கிடந்த முக்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டருக்கு அது பிடிக்கவில்லை. போலீஸ்காரன் வீட்டில் சொல்லாமல் உட்காருகிறவன் ஒன்று ரொம்ப நல்லவன், இல்லையென்றால் ரொம்பக் கைதேர்ந்தவன்.

"ஆபீஸுக்குச் சொல்லிட்டீங்களா சார்?" என்று ஆவலோடு கேட்டார் டெலிவரிக்காரர்.

"சொல்லிட்டேன். நல்லா உறைக்கிற மாதிரியே சொல்லிட்டேன். உன்னை எடுக்கச் சொல்லியாச்சு."

அந்த மனிதரின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். பிறகு அவர் தலைக்கு மேலாக, வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் மெல்லத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்பது போல.

இன்ஸ்பெக்டருக்கு முதுகிலும் கண் உண்டு. அவள் ஆட்டியதை எதிரே இருந்த ஜன்னல் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"பெட்டியை எப்ப கொடுத்தே?"

"போன வாரம் சார். காலையில."

"எங்க?"

"இங்கதான். இந்த வராந்தாவுல."

"யார் கையில?"

டெலிவரிக்காரர் தரையைப் பார்த்தார். "வீட்டுல கொடுத்துட்டேன் சார்."

"வீட்டுக்குக் கையில்லை. யார் கையில கொடுத்தேன்னு கேக்கறேன்."

டெலிவரிக்காரர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் பயம் இல்லை. பயந்த பார்வைகளை இன்ஸ்பெக்டர் ஆயிரம் பார்த்திருக்கிறார். இது வேறு ஏதோ. என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், இந்த வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான் என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த மனிதர் எழுந்துகொண்டார். மனைவி கேட் வரை போய் அவரிடம் தணிந்த குரலில் ஏதோ பேசினாள். அவர் தலையாட்டிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

இன்ஸ்பெக்டருக்கு மூக்கில் வியர்த்தது. தப்புச் செய்தவன் இவ்வளவு குறைவாகப் பொய் சொல்ல மாட்டான். செய்யாத தப்புக்கு ஒருவனையும் ஒரு ராத்திரிகூட உள்ளே வைத்ததில்லை என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. பாராட்டுப் பத்திரம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். காலையில் அவசரப்பட்டுவிட்டோமோ என்று முதல்முறையாக உறுத்தியது.

மாடியில் குடியிருப்பவரைக் கூப்பிட்டு விசாரித்தார். தண்ணீர் மோட்டார் சண்டையில் இருவருக்கும் ஆகாது. ஆகாதவன் சாட்சி பல சமயம் நல்ல சாட்சி. போன வாரம் மோட்டார் போட இறங்கி வந்தபோது டெலிவரி வண்டி கேட்டில் நின்றதைப் பார்த்தேன் என்றார் அவர். நீளமான பெட்டியா? ஆமாம். யார் வாங்கினார்கள்? அதைப் பார்க்கவில்லை, மோட்டார் சுவிட்ச் பின்பக்கம்தானே இருக்கிறது, அதைத்தான் மாற்றச் சொல்லி ஆறு மாதமாகக் கேட்கிறேன் என்று சண்டையை விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டார்.

ஆக, பெட்டி வந்திருக்கிறது. டெலிவரிக்காரர் சொன்னது நிஜம்.

இன்ஸ்பெக்டர் பூதக்கண்ணாடியோடு செடிகளின் பக்கத்தில் மண்டியிட்டார். செத்த செடிதான் என்றாலும் சாவதற்கு முன் அது கொஞ்சம் வளரப் பார்த்திருந்தது. தண்டுகளில் விரல் நீளத்துக்குத் துளிர்கள். பச்சையே இல்லை, வெளிறிப்போய் இருந்தன. வெளிச்சமே படாத இடத்தில் துளிர்த்திருக்கின்றன. அதில் அதிசயமில்லை, மூடிய பெட்டி. அதிசயம் வேறொன்று. ஐந்து செடியிலும் துளிர் எல்லாம் தண்டின் ஒரே பக்கம் திரும்பி, தண்டுக்குக் குறுக்காக நீட்டிக்கொண்டிருந்தன. செடியைத் தரையில் படுக்க வைத்துப் பார்த்தார். இப்போது துளிர்கள் நேராக மேலே பார்த்தன.

இருட்டாக இருந்தாலும் எது மேல், எது கீழ் என்று செடிக்குத் தெரியும். படுக்க வைத்த செடி வானத்தைப் பார்த்தே துளிர்க்கும். வண்டியிலோ கிடங்கிலோ கிடந்திருந்தால் பெட்டி இங்கும் அங்கும் புரண்டு, துளிரும் ஆளுக்கொரு திசையில் கோணிக்கொண்டிருக்கும். இது அசையவே இல்லை. ஒரே இடத்தில், ஒரே பக்கமாக, இருட்டில், ஒரு வாரத்துக்கு மேல் படுத்துக் கிடந்திருக்கிறது.

அதாவது, இந்த வீட்டுக்குள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். கட்டிலுக்கு அடியில் தினமும் துடைப்பம் போகிறது. பரணில் படிந்த தூசி கலையவில்லை. செருப்பு அலமாரி சின்னது. மதியச் சாப்பாட்டை ஒத்திப்போட்டு, மனைவி மாத்திரையை நீட்டியபோது வாங்கி வாயில் போட்டுக்கொண்டு மறுபடி தேடினார். வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடம். அதில் தேட வேண்டிய அவசியமே இல்லை. அவருடைய இரும்பு பீரோ. உள்ளே பழைய சீருடையும் தொப்பியும் பத்திரங்களும். ஒரே சாவி, அது அவர் கழுத்தில். அதை அவர் திறந்தே மாசக்கணக்கில் ஆகிறது.

இருந்தாலும் திறந்தார். தேடுகிற கடமைக்கு விதிவிலக்கு கிடையாது.

கீழ்த்தட்டில் ஈர வாடை அடித்தது. மூலையில் கொஞ்சம் பாசி, காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டின் உயரத்தை முழம் போட்டார். பெட்டியை நிற்க வைக்க முடியாது. படுக்கத்தான் வைக்க முடியும்.

பூட்டிய பீரோ, ஒரே சாவி. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். சாவி அவரை விட்டுப் பிரிவது ஒரு நேரத்தில் மட்டும்தான். குளிக்கும்போது குளியலறைக்கு வெளியே ஆணியில் தொங்கும். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது ஒருத்தி. கண்ணாடியில் பார்த்த தலையாட்டல் ஞாபகம் வந்தது.

மூன்றரைக்கு மனைவியைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார்.

"நான் குளிக்கும்போது சாவியை எடுத்தியா?"

"எடுத்தேன்."

"பெட்டியை பீரோவுல வெச்சது நீயா?"

அவள் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். "ஆமாங்க. நான்தான் வெச்சேன். வெச்சதை மறந்துட்டேன். அழுகினதும் பயந்துபோய் வெளிய எடுத்துப் போட்டேன். அந்த மனுஷன் மேல ஒரு தப்பும் இல்ல. மேனேஜருக்கு போன் பண்ணி, பொண்டாட்டி செஞ்ச தப்புன்னு சொல்லிடுங்க. இன்னும் நேரம் இருக்கு."

குற்றவாளி ஒப்புக்கொண்டாகிவிட்டது. கேஸ் முடிந்தது. இன்ஸ்பெக்டர் போனைக்கூட எடுத்துவிட்டார். ஆனால் ஒப்புக்கொள்பவர்களை அவர் நிறையப் பார்த்தவர். தப்புச் செய்தவன் ஒப்புக்கொண்டதும் தோள் தளர்வான். இவள் தோள் இன்னும் விறைப்பாகவே இருந்தது.

"ஏன் பீரோவுல வெச்சே?"

"வெயில் படக் கூடாதுன்னு."

"நிக்க வெச்சியா, படுக்க வெச்சியா?"

"செடியைப் போய் யாராவது படுக்க வைப்பாங்களா? நிக்கதான் வெச்சேன்."

இன்ஸ்பெக்டர் போனை வைத்தார்.

"பீரோவுல அது நிக்காது. படுத்துதான் கிடந்திருக்கு. உனக்குச் செடி தெரியும். பெட்டி வந்த அடுத்த நிமிஷம் வேரை வாளியில போட்டிருப்பே. குழி தோண்டி வெச்சுட்டுக் காத்திருந்தவ அதை மறப்பியா? நீ எடுத்தது நிஜம். வாடை வந்துச்சு, எடுத்தே. வெச்சது நீ இல்ல. யாரையோ காப்பாத்தறே."

அவர் எழுந்துபோய் பெட்டியையும் அறுந்த கயிற்றையும் எடுத்து வந்தார். காலையிலிருந்து இரண்டு தடவை அந்தக் கயிற்றைத் தாண்டி நடந்திருக்கிறார், குனிந்து எடுக்கத் தோன்றவே இல்லை. நர்சரிக்காரர்கள் பெட்டியைப் பழுப்பு நாடாவால் ஒட்டியிருந்தார்கள். அதன் மேல் கூரியர்காரர்களின் ஸ்டிக்கர். ஸ்டிக்கரின் மேல், குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு அழுந்திய தடம். அப்படியென்றால் கயிறு கட்டியது கூரியருக்குப் பிறகு. இந்த வீட்டில்.

முடிச்சைப் பார்த்தார். இரட்டைச் சுருக்கு. மிச்ச நுனி சுருக்குக்குள் செருகப்பட்டு, நடுவில் அரக்கு வைக்க ஒரு ரூபாய் அகலத்துக்கு இடம் விட்டிருந்தது.

இத்தனை நேரம் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் இப்போதுதான் புரிந்தது. அவ்வளவு பழகிய முடிச்சு. ஸ்டேஷனில் யார் எதைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாலும், இன்ஸ்பெக்டர் முதலில் செய்வது அதுதான். குறுக்கும் நெடுக்கும் கட்டு, முடிச்சுப் போடு, உள்ளே வைத்துப் பூட்டு. கேஸ் பொருள். விசாரணை முடிகிற வரைக்கும் யார் கையும் படக் கூடாது. கட்டத் தெரியாத காவலர்களுக்கு எல்லாம் அவரே உட்கார்ந்து கட்டிக் காட்டியிருக்கிறார். இந்த வீட்டில் அந்த முடிச்சைப் போடத் தெரிந்தவர் ஒரே ஒருவர்.

"பெட்டி வந்த அன்னைக்குக் காலையில நீ வகுப்புக்குப் போயிருந்தே," என்று அவர் சொன்னார். குரல் விசாரணைக் குரலாகவே இருந்தது. வேறு குரல் கைவசம் இல்லை. "வீட்டுல ஒரே ஒரு ஆள். பெட்டியைக் கையில கொடுத்தாங்க. அவன் அதைக் கட்டி, பூட்டி வெச்சான். கடமையைச் செஞ்சதா நெனச்சுட்டுப் போயிட்டான். அப்புறம் அப்படி ஒண்ணு நடந்ததே அவனுக்குத் தெரியல. சாவி அவன் கழுத்துல இருக்கு. குற்றவாளி நான்தான்."

அவள் அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், ரொம்ப நாளாக அழுது பழகியவள் மாதிரி.

"ஒண்ணு மட்டும் இடிக்குது," என்றார் அவர், கயிற்றைத் திருப்பி. "இதே கயித்துல பக்கத்துல இன்னொரு முடிச்சு இருக்கு. அதே முடிச்சு. அழுக்குகூடப் படல, புதுசு. இது எப்படி வந்துச்சு?"

"நேத்து போட்டீங்க."

"எதுக்கு?"

"இது உங்க முடிச்சுதானான்னு போட்டுப் பாத்தீங்க." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நேத்தும் இப்படித்தாங்க. நான் வெளிய எடுத்து வெச்சேன். நீங்க பாத்தீங்க, ஆபீஸுக்கு போன் பண்ணிச் சத்தம் போட்டீங்க. அந்த மனுஷன் வந்தாரு. இதே முக்காலியில உக்காந்தாரு. துளிர் பாத்தீங்க, பீரோ பாத்தீங்க, எல்லாத்தையும் கண்டுபிடிச்சீங்க. அவர் கையைப் பிடிச்சு மன்னிச்சுக்கோன்னு சொன்னீங்க. அதுக்குள்ள ஆபீஸ் மூடிட்டாங்க. காலையில எழுந்ததும் மொத வேலையா சொல்றேன்னீங்க. மறக்கக் கூடாதுன்னு நீங்கதான் செடியை இப்படி அடுக்கி வெச்சீங்க."

மேனேஜர் காலையில் "நேத்து" என்று ஆரம்பித்தது இன்ஸ்பெக்டருக்கு ஞாபகம் வந்தது. டெலிவரிக்காரர் பார்த்த பார்வை என்னவென்று இப்போது பிடிபட்டது. அது இரக்கம். அவர் வேலையில் இருந்தபோது யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"அப்ப நீ ஏன் சொல்லல?"

"மேனேஜர்கிட்ட நானே பேசினேன். புகார் கொடுத்தவர் வாயால வரணும்னுட்டார். உங்ககிட்ட எப்படிச் சொல்றது? நேத்து நீங்க கண்டுபிடிச்சப்ப உங்க முகத்தைப் பாத்தேன். மறுபடியும் அதை என்னால பாக்க முடியாதுங்க. நான்தான்னு சொன்னா நம்பிடுவீங்க, அவருக்கும் வேலை போகாதுன்னு பாத்தேன். நீங்க நம்பவே மாட்டேங்கறீங்களே."

நாலு இருபது. அவர் போனை எடுத்தார். பெட்டி போன வாரமே வந்தது, வாங்கியவன் நான், அந்த ஆள் மேல் தப்பில்லை, புகாரைத் திரும்ப வாங்குகிறேன் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஒரு ஏழைக்காகத் தன் மேல் பழியைப் போட்டுக்கொள்வது சாரின் பெரிய மனது என்று மேனேஜர் நெகிழ்ந்துபோனார். இன்ஸ்பெக்டர் அதை மறுக்க இரண்டு தடவை முயன்று, முடியாமல் விட்டுவிட்டார். எப்படியோ, ஆளை எடுக்கவில்லை என்று மேனேஜர் உறுதி கொடுத்தார்.

"இன்னொண்ணு," என்றார் இன்ஸ்பெக்டர். "நாளைக்கு நான் போன் பண்ணிப் புகார் சொன்னா எடுத்துக்காதீங்க. எவ்வளவு சத்தம் போட்டாலும் எடுத்துக்காதீங்க. என் வீட்டம்மாவைக் கேட்டுட்டு அவங்க சொல்றதை நம்புங்க."

அந்தப் பக்கம் சரி சார் என்று மட்டும் கேட்டது.

அவர் வராந்தாவில் வந்து செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பயமாக இருந்தது. திருடனுக்கும் கத்திக்கும் பயப்படாதவருக்கு இந்த ஐந்து குச்சிகளைப் பார்க்கப் பயமாக இருந்தது. நாளைக் காலை ஏழே காலுக்குச் சவரம் செய்துகொண்டு ஒருவன் இந்த வராந்தாவுக்கு வருவான். கெட்டிக்காரன். தடயம் இருந்தால் விடவே மாட்டான். சாயங்காலத்துக்குள் உண்மையைக் கண்டுபிடித்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே அடியை வாங்குவான். அவனைத் தடுக்க ஒரே வழிதான் இருந்தது.

"மண்வெட்டி எங்க?" என்றார்.

மதிலோரம் அவள் தோண்டி வைத்திருந்த குழிகளில் ஒவ்வொன்றாகச் செடிகளைப் படுக்கவைத்தார்கள். பெட்டியைக் கிழித்து மேலே போட்டு, கயிற்றையும் போட்டார். அவளுக்கு முழங்கால் வலி, மண்ணை அவரே தள்ளினார்.

"கேஸ் பொருளை அழிக்கறது குத்தம்னு சொல்வீங்களே," என்றாள் அவள்.

"குத்தம்தான்," என்றார். தள்ளுவதை நிறுத்தவில்லை. "நாளைக்கு நான் ரோஜா என்னாச்சுன்னு கேட்டா, இன்னும் வரலேன்னு சொல்லிடு."

"வரலேன்னு சொன்னா கூரியர் ஆபீஸைப் பிடிச்சு உலுக்கிடுவீங்க. மறுபடியும் அந்த மனுஷன் தலைதான் உருளும்."

அவர் யோசித்தார். அவள் சொல்வது சரிதான். அவரைப் பற்றி அவருக்கே நன்றாகத் தெரியும்.

"அப்ப நான் ஆர்டரே பண்ணலேன்னு சொல்லிடறேன்," என்றாள் அவள். "எனக்குச் செடியெல்லாம் வேணும்னே தோணலேன்னு சொல்லிடறேன்."

அவர் மண்வெட்டியை ஊன்றி அவளையே பார்த்தார். இந்தப் பொய்யில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பழக்கதோஷத்தில் மனம் தேடியது. அவளுடைய நகங்களுக்குள் இன்னும் எரு மண் இருந்தது.

"கையை நல்லா கழுவிடு," என்றார். "அதைப் பாத்தா நான் கண்டுபிடிச்சிடுவேன்."

அவள் குழாயடிக்குப் போனாள். அவர் கடைசிக் குழியையும் மூடி, தோண்டிய தடம் தெரியாமல் காலால் சமப்படுத்த ஆரம்பித்தார்.